இழுத்துக்கொண்டிருந்தது மூச்சு அல்ல

உங்கள் கேள்வி இது. போன மாதம் ஒரு விடியற்காலையில் உங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ச்மேன் கேட் அருகே சுருண்டு விழுந்தார். அறுபது வயதுக்காரர். பத்துப் பேர் கூடிவிட்டீர்கள். ஒருவர் முகத்தில் தண்ணீர் தெளித்தார், ஒருவர் உள்ளங்காலைப் பரபரவென்று தேய்த்தார், இன்னொருவர் வலிப்பாக இருக்கும் என்று கையில் சாவிக்கொத்தைத் திணித்தார். 108-க்குச் சொல்லி, வண்டி 18-வது நிமிடம் வந்தது. அவர் பிழைக்கவில்லை. "மூச்சு இழுத்துக்கிட்டுதான் இருந்தது, அதனால்தான் நெஞ்சை அழுத்தவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அழுத்தியிருக்கலாமா, விலா எலும்பு உடைந்தால் என்ன ஆகும், வாயில் வாய் வைத்து ஊதத்தான் வேண்டுமா, போலீஸ் கேஸ் வருமா என்று கேட்கிறீர்கள்.

நான் அவசர சிகிச்சைப் பிரிவில் 14 வருடம் நர்ஸாக இருந்தவள். இப்போது வார இறுதிகளில் கல்லூரிகள், மில்கள், குடியிருப்புகள் என்று போய் சிபிஆர், அதாவது இதயம் நின்றவரின் நெஞ்சை அழுத்தி ரத்தத்தை ஓடவைக்கும் முதலுதவி, சொல்லிக்கொடுக்கிறேன். அழுத்தியிருக்கலாம் என்பதுதான் பதில். அழுத்தியிருந்தால் அவர் நிச்சயம் பிழைத்திருப்பார் என்று சொல்ல மாட்டேன், அது யாருக்கும் தெரியாது. ஆனால் உங்களைத் தடுத்த அந்த "இழுப்பு" பற்றித்தான் முதலில் பேச வேண்டும். எனக்குத் தெரிந்து, தெரு நடுவே விழுந்தவருக்குக் கை வைக்காமல் போனதற்குப் பயத்தைவிட அதுதான் பெரிய காரணம்.

இதயம் சட்டென்று நின்றுபோனாலும் மூச்சு அதே நொடியில் நிற்பதில்லை. மூளைத்தண்டில் மிச்சமிருக்கும் உயிர், சில நிமிடங்களுக்கு உடம்பை ஏமாற்றிக்கொண்டிருக்கும். வாய் திறக்கும், தாடை கீழே இறங்கும், தொண்டையிலிருந்து கரகரவென்று ஒரு சத்தம் வரும். அப்புறம் ஐந்து நொடியோ பத்து நொடியோ ஒன்றுமே இருக்காது. மறுபடி ஒரு இழுப்பு. கரையில் போட்ட மீன் வாயைத் திறந்து மூடுவது போல. சிலருக்குக் குறட்டை மாதிரியே இருக்கும். விடியற்காலை நாலு மணிக்கு வித்தியாசமாகக் குறட்டை விடுகிறாரே என்று திரும்பிப் படுத்த மனைவிமார்களை நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் பார்த்திருக்கிறேன்.

வேடிக்கை என்னவென்றால், இது நம் பாட்டிமார்களுக்கு நன்றாகவே தெரியும். படுக்கையில் கிடக்கும் பெரியவரைப் பார்த்து "இழுத்துக்கிட்டு இருக்கு, சொல்ல வேண்டியவங்களுக்குச் சொல்லிடுங்க" என்பார்கள். அவர்கள் அதை மூச்சு என்று சொல்வதில்லை, போகிற உயிரின் அடையாளம் என்றுதான் சொல்கிறார்கள். அதே இழுப்பை, நேற்றுவரை நன்றாக நடமாடிய ஒருவரிடம் தெருவில் பார்க்கும்போது மட்டும் நாம் "மூச்சு இருக்கு, ஒண்ணும் ஆகாது" என்று மாற்றிப் படிக்கிறோம்.

ஆகவே பார்க்க வேண்டியது இரண்டே. ஒன்று, தோள் இரண்டையும் பலமாகத் தட்டி "அண்ணே, அண்ணே" என்று சத்தம் போட்டால் கண் திறக்கிறாரா, முனகுகிறாரா. இரண்டு, மார்பு சீராக ஏறி இறங்குகிறதா. இதற்குப் பத்து நொடிக்கு மேல் செலவழிக்கக் கூடாது. கண்ணும் திறக்கவில்லை, மூச்சும் வழக்கமான மூச்சாக இல்லை என்றால் இதயம் நின்றுவிட்டது என்றே எடுத்துக்கொண்டு அழுத்த ஆரம்பித்துவிட வேண்டும். நாடி பார்க்க வேண்டாம். மணிக்கட்டில் விரலை வைத்து "துடிக்குது, துடிக்குது" என்பவர் பெரும்பாலும் தன் விரல்நுனியின் துடிப்பைத்தான் எண்ணிக்கொண்டிருப்பார். பொதுமக்கள் நாடி பார்க்கும் படியை 2000-ஆம் ஆண்டிலேயே வழிகாட்டு நெறிகளிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

சாவிக்கொத்துக்கும் ஒரு வார்த்தை. இதயம் நின்ற முதல் சில நொடிகளில், மூளைக்கு ரத்தம் போகாததால் கை கால் வெட்டி இழுக்கலாம். பார்த்தால் வலிப்பு போலத்தான் இருக்கும். நிஜ வலிப்பில் வெட்டு நின்ற பிறகு மூச்சு பெரிதாக, சீராக, சத்தத்தோடு வரும். இதில் வெட்டு நின்றபின் மேற்சொன்ன இழுப்புதான் மிஞ்சும், அல்லது அதுவும் இருக்காது. இரண்டிலுமே இரும்புக்கு வேலையில்லை.

இன்னொரு குழப்பம், மாரடைப்பும் இதயம் நின்றுபோவதும் ஒன்று என்று நினைப்பது. மாரடைப்பு வந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், வியர்த்துக்கொட்டும், "வாயு பிடிப்புதான், சோடா வாங்கிட்டு வா" என்று உங்களிடம் பேசுவார். பேசுகிறவர் நெஞ்சில் கை வைக்கக் கூடாது. அவரை நடக்கவிடாமல் உட்கார வைத்து வண்டிக்குச் சொல்ல வேண்டும். இருமிக்கொண்டே இருந்தால் மாரடைப்பிலிருந்து தப்பிக்கலாம் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தியை நம்பி வீட்டில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருக்கவும் கூடாது. அதே மாரடைப்பு எந்த நிமிடத்திலும் இதயத்தை நிறுத்தலாம். அப்போதுதான் சிபிஆர்.

சரி, அழுத்துவது எப்படி?

முதலில் ஆளைக் கட்டாந்தரைக்குக் கொண்டுவாருங்கள். கயிற்றுக் கட்டிலிலும் ஸ்பிரிங் மெத்தையிலும் கிடப்பவரை அழுத்தினால் நீங்கள் அழுத்துவது கட்டிலைத்தான். இரண்டு பேர் சேர்ந்து போர்வையோடு இழுத்துக் கீழே இறக்கிவிடலாம். பக்கத்தில் முட்டி போட்டு உட்காருங்கள். உங்கள் முட்டி அவர் விலாவை உரசும் அளவுக்கு நெருக்கமாக. மார்புக்கு நடுவே மேலிருந்து கீழாக ஓடும் எலும்பின் கீழ்ப்பாதியில் ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியை வையுங்கள், அதாவது மணிக்கட்டை ஒட்டிய மேடான இடத்தை. அதன்மேல் இன்னொரு கை. விரல்களைக் கோத்துத் தூக்கிக்கொள்ளுங்கள், விலாவில் படக் கூடாது. இரண்டு பக்க விலாவும் வந்து சேரும் அந்தக் குழிக்குக் கீழே போகாதீர்கள், அது வயிறு.

முழங்கையை மடக்காமல், தோள் நேராகக் கைக்கு மேலே வரும்படி குனிந்து, இடுப்பிலிருந்து உடம்பின் பாரத்தை இறக்க வேண்டும். முறுக்கு மாவு கெட்டியாகிவிட்டால் அச்சைக் கீழே வைத்துக் கையை நீட்டி ஆளே ஏறி அழுத்துவோமே, அந்த மாதிரி. பயிற்சிகளில் ஜிம்முக்குப் போகும் பையன்கள் சப்பாத்தி மாவு பிசைவது போலப் புஜத்தால் அழுத்தி ஒன்றரை நிமிடத்தில் நாக்குத் தள்ளிவிடுவார்கள். ஒரு பள்ளியில் சத்துணவு சமைக்கும் அம்மா ஒருவர், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, பொம்மையின் மார்பிலிருந்து ஒவ்வொரு அழுத்தத்துக்கும் 'டிக்' சத்தம் வரவழைத்தார். ஆழம் சரியாக இருந்தால்தான் அந்தப் பொம்மையில் சத்தம் வரும். ஐம்பது பேருக்குச் சோறு வடித்த தோள் அது.

ஆழம் பெரியவர்களுக்கு 5 முதல் 6 சென்டிமீட்டர். நெட்டுக்குத்தாக நிறுத்திய தீப்பெட்டியின் உயரம் என்று குத்துமதிப்பாக வைத்துக்கொள்ளுங்கள். கேட்கும்போது சாதாரணமாகத் தெரியும், நிஜ நெஞ்சில் அது மிக அதிகமாகத் தோன்றும். மனசு கேட்காமல் பாதியிலேயே கை நின்றுவிடும். அழுத்திய ஒவ்வொரு முறையும் நெஞ்சு முழுசாக மேலே வர விட வேண்டும். கையை எடுக்க வேண்டியதில்லை, பாரத்தை மட்டும் எடுத்துவிட வேண்டும். நெஞ்சு மேலே வரும்போதுதான் இதயத்துக்குள் ரத்தம் நிரம்புகிறது. சாய்ந்தபடியே அழுத்திக்கொண்டிருந்தால் காலிப் பையைப் பிழிந்துகொண்டிருக்கிறீர்கள்.

வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120. நொடிக்குக் கிட்டத்தட்ட இரண்டு. இதில் தமிழில் எண்ணுகிறவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு, பயிற்சி கொடுத்துக் கொடுத்துத்தான் எனக்கே பிடிபட்டது. ஒண்ணு, ரெண்டு, மூணு என்று பத்து வரை வேகம் சரியாக வரும். பதினொண்ணு, பன்னெண்டு என்று போனதும் சொல் நீள நீளக் கை மெதுவாகும். இருபத்தேழுக்கு வரும்போது பாதி வேகம்தான் இருக்கும். அதனால் ஒன்று முதல் பத்து வரை எண்ணி, மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பியுங்கள். மூன்று பத்து, ஒரு முப்பது. சத்தமாக எண்ணுங்கள். பக்கத்தில் நிற்பவர் எந்த நேரத்தில் மாற்ற வேண்டும் என்று அதை வைத்துத்தான் தயாராவார்.

நிறுத்தாமல் அழுத்துங்கள் என்று ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறோம் என்பதற்கு ஊர் அடிபம்பு போதும். முதல் நாலைந்து அடிக்குத் தண்ணீர் வராது, வெறும் காற்றுதான். விடாமல் அடித்தால் அப்புறம் கொட்டும். கையை விட்டால் தண்ணீர் இறங்கிவிடும், மறுபடி முதலிலிருந்து. நெஞ்சிலும் அப்படித்தான். இதயத் தசைக்கே ரத்தம் போகும் அளவுக்கு அழுத்தம் ஏறுவதற்குப் பல அழுத்தங்கள் வேண்டும். "மூச்சு வந்துடுச்சா பாரு" என்று நிறுத்தி எட்டிப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் அது இறங்கிவிடுகிறது. நன்றாகச் செய்த சிபிஆரே வழக்கமான ரத்த ஓட்டத்தில் கால்வாசி, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்குதான் தருகிறது. அதையும் வீணாக்க முடியாது. எதற்காக நிறுத்தினாலும் பத்து நொடிக்குள் கை திரும்ப நெஞ்சில் இருக்க வேண்டும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுங்கள், களைப்பு தெரியாவிட்டாலும் மாறுங்கள். களைப்பு உங்களுக்குத் தெரிவதற்கு முன்பே ஆழம் குறைந்துவிடும்.

இந்த எளிய விஷயம் கண்டுபிடிக்கப்பட்ட கதையும் எளியதுதான். அமெரிக்காவின் பால்டிமோரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில், வில்லியம் கௌவன்ஹோவன் என்ற மின் பொறியாளர் இதயத்துக்கு வெளியிலிருந்தே ஷாக் கொடுக்கும் கருவியை ஆராய்ந்துகொண்டிருந்தார். நாய்களின் மார்பில் கனமான மின்முனைகளை வைத்து அழுத்தும்போது, ஷாக் கொடுக்கும் முன்பே ரத்த அழுத்தம் கொஞ்சம் எகிறுவதை அவருடைய மாணவர் நிக்கர்பாக்கர் கவனித்தார். அறுவை மருத்துவர் ஜேம்ஸ் ஜூட் சேர்ந்துகொள்ள, 1960-இல் மூவரும் கட்டுரை வெளியிட்டார்கள். 20 நோயாளிகள், 14 பேர் பிழைத்திருந்தார்கள். அதுவரை இதயம் நின்றால் நெஞ்சைக் கீறித் திறந்து கையால் பிசைவதுதான் வழி. இதற்கு வேண்டியதெல்லாம் இரண்டு கைகள்தான் என்று அந்தக் கட்டுரையில் எழுதினார்கள். அந்த இருபது பேர் ஆஸ்பத்திரிக்குள்ளேயே இருந்தவர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தெருவில் விழுபவர்களுக்கு அந்தக் கணக்கு வராது.

பயிற்சிப் பொம்மையின் முகத்தைப் பார்த்து "யார் மேடம் இந்தப் பொண்ணு?" என்று யாராவது ஒருவர் எப்போதும் கேட்பார். நார்வேயில் பொம்மை செய்துகொண்டிருந்த ஆஸ்முண்ட் லேர்டால் 1960-இல் உருவாக்கியது. பாரிஸின் சேன் ஆற்றில் கிடைத்ததாகச் சொல்லப்படும் பெயர் தெரியாத ஒரு இளம்பெண்ணின் முகவார்ப்பைப் பார்த்துச் செய்த முகம். யாரென்று தெரியாத ஒருத்தி, இத்தனை லட்சம் பேர் அவள் நெஞ்சில் கைவைத்துப் பழகியிருக்கிறார்கள்.

விலா எலும்புக்கு வருகிறேன். உடையும். வயதானவர்களுக்கு அடிக்கடியே உடையும். முதல் பத்து அழுத்தத்துக்குள் கையடியில் அப்பளம் நொறுங்குவது போல ஒன்று தட்டுப்படும். எனக்கு முதல் முறை அப்படி ஆனபோது கையை எடுத்துவிட்டேன். பின்னால் நின்ற சீனியர் அக்கா என் தோளைப் பிடித்து மறுபடி கீழே அமுக்கினார், ஒன்றும் பேசவில்லை. கை இருக்கும் இடம் சரியா என்று ஒருமுறை பார்த்துவிட்டுத் தொடர வேண்டியதுதான். உடைந்த விலா ஆறேழு வாரத்தில் கூடிவிடும். இதயம் நிஜமாகவே ஓடிக்கொண்டிருந்து நீங்கள் தவறாக அழுத்திவிட்டால்? வலியில் உங்கள் கையைத் தட்டிவிடுவார், முனகுவார், நிறுத்திவிடலாம். அதனால் பெரிய கெடுதல் வருவது அபூர்வம். நின்ற இதயத்தை அழுத்தாமல் விட்டால் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் வரை இறங்குகிறது. தராசில் இரண்டையும் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாயில் ஊதுவது பற்றி. விழுந்தது பெரியவர், கண்ணெதிரே திடீரென்று விழுந்தார் என்றால் ஊத வேண்டாம், அழுத்தினால் போதும். மேலே டேங்க் நிறையத் தண்ணீர் இருக்கிறது, மோட்டார் மட்டும் ஓடவில்லை என்பது போன்ற நிலை. கடைசியாக இழுத்த மூச்சின் ஆக்சிஜன் ரத்தத்தில் சில நிமிடங்களுக்கு இருக்கும். அதை மூளைக்குத் தள்ளிவிடுவதுதான் உங்கள் வேலை. இந்தியாவில் மயக்க மருந்து நிபுணர்களின் சங்கம் முன்னின்று 2017-இல் பொதுமக்களுக்கென வெளியிட்ட முறையே இதுதான். ஆளைக் கண்டறிந்து, நெஞ்சை மட்டும் அழுத்தி, சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசேர்ப்பது. வாய் வைக்கத் தயங்கியே எத்தனையோ பேர் நெஞ்சிலும் கை வைக்காமல் போனார்கள். அந்தத் தயக்கத்துக்கு இப்போது காரணமே இல்லை.

ஆனால் கிணற்றிலிருந்தும் ஆற்றிலிருந்தும் தூக்கப்பட்டவருக்கு டேங்கே காலி. அங்கே மோட்டாரை மட்டும் ஓட்டிப் பயனில்லை, காற்று போயாக வேண்டும். நெற்றியைப் பின்னால் சாய்த்து, தாடையைத் தூக்கி, மூக்கைப் பொத்தி, அவர் வாயை உங்கள் வாயால் முழுசாக மூடி, மார்பு லேசாக எழும்பும் அளவுக்கு ஒரு நொடி ஊதுங்கள். முதலில் இரண்டு முறை, பிறகு 30 அழுத்தம், 2 ஊதல் என்று போய்க்கொண்டே இருங்கள். காவிரிக் கரையில் நடக்கும் கூத்தையும் சொல்ல வேண்டும். தண்ணீரை வெளியே கொண்டுவருகிறோம் என்று பையனைத் தலைக்குமேல் தூக்கிச் சுற்றுவார்கள், குப்புறப் போட்டு முதுகை மிதிப்பார்கள், வயிற்றை அமுக்குவார்கள். வயிற்றில் இருக்கும் தண்ணீர் அவனைக் கொல்லாது. அதை அமுக்கி மேலே கொண்டுவந்தால் நேரே நுரையீரலுக்குள் போகும். அந்த இரண்டு நிமிடம்தான் அவனுக்கு இருந்த நேரம்.

தூக்கில் தொங்கி இறக்கப்பட்டவர், குழந்தைகள், கட்டுவிரியன் கடித்து மூச்சுத் தசை செயலிழந்தவர், இவர்களுக்கும் காற்று அவசியம். கட்டுவிரியன் கடித்தவருக்கு இதயம் ஓடிக்கொண்டே இருக்கும், மூச்சுதான் நிற்கும். ஊதிக்கொண்டே ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்து பிழைத்தவர்கள் உண்டு. பூச்சிமருந்து குடித்தவர் வாயில் மட்டும் வாய் வைக்காதீர்கள், உங்களுக்கும் ஏறும். அழுத்துவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கரண்ட் அடித்தவரைத் தொடும் முன் மெயினை அணையுங்கள், இல்லாவிட்டால் கிடப்பவர்கள் எண்ணிக்கை இரண்டாகும்.

குழந்தைகளுக்கு ஆழம் மார்பின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு. ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கு ஒரு கையே போதும். கைக்குழந்தைக்கு, மார்பை இரண்டு கையாலும் சுற்றிப் பிடித்து இரண்டு கட்டைவிரல்களால், அல்லது ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியால், ஏறத்தாழ 4 சென்டிமீட்டர். பச்சைக் குழந்தையின் வாயையும் மூக்கையும் சேர்த்து உங்கள் வாயால் மூடி, கன்னத்தில் இருக்கும் காற்றளவுக்கு மெல்ல ஊத வேண்டும். இதை எழுத்தில் படித்துப் பழக முடியாது, பொம்மையில் பழகுங்கள்.

பெண்களைப் பற்றித் தனியாக எழுதாமல் போக முடியவில்லை. பேருந்து நிலையத்தில் ஒரு ஆண் விழுந்தால் யாராவது நெஞ்சில் கை வைத்துவிடுகிறார்கள். ஒரு பெண் விழுந்தால் "லேடீஸ் யாராவது வாங்க" என்று கூப்பிட்டுக்கொண்டு நிற்கிறார்கள். நம் ஊரில் மட்டுமல்ல, அமெரிக்காவிலும் பொது இடத்தில் விழும் பெண்களுக்குச் சிபிஆர் குறைவாகவே கிடைக்கிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கை வைக்கும் இடம் மார்பகம் அல்ல, இரண்டுக்கும் நடுவே இருக்கும் எலும்பு. தாலிச் சரட்டை ஒரு பக்கமாகத் தள்ளிவிடுங்கள், புடவை மடிப்பில் குத்தியிருக்கும் ஊக்கைக் கழற்றிவிடுங்கள், உங்கள் கையில் ஏறும். சுற்றி நிற்பவர்களை வெளிப்பக்கம் பார்த்துத் திரும்பி நிற்கச் சொல்லுங்கள். நிறைமாத கர்ப்பிணி என்றால் இன்னொருவர் வயிற்றை அவருடைய இடது பக்கமாகக் கையால் தள்ளிப் பிடித்துக்கொள்ள வேண்டும். கருப்பையின் பாரம் பெரிய ரத்தக்குழாயை நசுக்காமல் இருக்க.

அழுத்துவது மட்டுமே நின்ற இதயத்தைத் திரும்ப ஓடவைப்பது குறைவு. திடீரென்று விழுபவர்களில் நிறையப் பேருக்கு இதயம் நிஜத்தில் அசையாமல் நிற்பதில்லை, தாறுமாறாக நடுங்கிக்கொண்டிருக்கும். அந்த நடுக்கத்தை நிறுத்தி ஒழுங்குக்குக் கொண்டுவருவது ஷாக். அதைக் கொடுக்கும் கையடக்கக் கருவிதான் ஏஇடி. விமான நிலையங்களிலும் சில மால்களிலும் சுவரில் கண்ணாடிப் பெட்டிக்குள் இதயப் படம் போட்டு மாட்டியிருப்பார்கள். திறந்தால் அதுவே பேசும். ஒட்டும் பட்டைகளில் ஒன்றை வலது காறை எலும்புக்குக் கீழேயும் மற்றதை இடது அக்குளுக்குக் கீழே விலாப்பக்கத்திலும் ஒட்டுங்கள். வியர்வையாக இருந்தால் துடைத்துவிட்டு ஒட்டுங்கள். துடிப்பை அதுவே பரிசோதிக்கும், ஷாக் தேவையில்லாதவருக்கு அது கொடுக்காது. தெரியாமல் அமுக்கி யாரையாவது கொன்றுவிடுவோமோ என்ற பயம் வேண்டாம். ஷாக் கொடுக்கும்போது யாரும் தொடாமல் விலகி நிற்க வேண்டும், கொடுத்த உடனே மறுபடி அழுத்த வேண்டும்.

2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகனில் ஐரோப்பியக் கோப்பை ஆட்டத்தின் நடுவே டென்மார்க் வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் விழுந்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மைதானத்திலேயே நெஞ்சழுத்தம், ஒரே ஒரு ஷாக், திரும்பி வந்தார். மூன்று வருடம் கழித்து, 2024 ஜூன் 16 அன்று அதே கோப்பையில் ஸ்லோவேனியாவுக்கு எதிராக கோல் போட்டார். பக்கத்தில் மருத்துவரும் கருவியும் இருந்தால் நடப்பது அது. ஆனால் எனக்கு அந்த நாட்டின் வேறொரு கணக்குதான் பெரிது. டென்மார்க்கில் பள்ளிகளில் சிபிஆரைக் கட்டாயமாக்கி, 2006 முதல் ஓட்டுநர் உரிமம் வாங்கவும் கட்டாயமாக்கினார்கள். 2001-இல் ஆஸ்பத்திரிக்கு வெளியே இதயம் நின்றவர்களில் 21 சதவீதம் பேருக்குத்தான் அருகில் இருந்தவர்கள் சிபிஆர் செய்திருந்தார்கள். 2010-இல் அது 45 சதவீதம் ஆனது. முப்பது நாள் கழித்தும் உயிரோடு இருந்தவர்கள் 3.5 சதவீதத்திலிருந்து 10.8 சதவீதம் ஆனார்கள். ஆம், அப்போதும் பத்தில் ஒருவர்தான். சினிமாவில் நெஞ்சில் நாலு குத்து விட்டதும் நாயகி இருமிக்கொண்டு எழுந்து உட்காருகிறாள், அது சினிமா. 2001-இல் நூற்றுக்கு மூன்று நான்கு பேர், 2010-இல் பத்துப் பதினொரு பேர். கூடுதலாகப் பிழைத்த அந்த ஏழு பேர் யாரோ ஒருவரின் அப்பா.

ஆம்புலன்ஸுக்குக் காத்திருப்பதா, ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஓடுவதா என்று எல்லா ஊரிலும் கேட்கிறார்கள். ஆட்டோவின் பின்சீட்டில் மடித்து உட்கார வைத்துக் கொண்டுபோனால், வழி முழுக்க மூளைக்கு ரத்தம் போகாது. ஆஸ்பத்திரி பத்து நிமிடத்தில் இருந்தாலும் அந்தப் பத்து நிமிடம் மொத்தமும் நஷ்டம். விழுந்த இடத்திலேயே ஆரம்பித்து, இன்னொருவர் 108-ஐ அழைத்து, போனை ஸ்பீக்கரில் போட்டு, தெரு முனையில் ஒருவரை நிறுத்தி வண்டிக்கு வழிகாட்டச் செய்வதுதான் முதல் தேர்வு. யாரையும் குறிப்பிடாமல் "யாராவது போன் பண்ணுங்க" என்றால் ஒருவரும் பண்ண மாட்டார்கள். "நீல சட்டை, நீங்க பண்ணுங்க" என்று கை நீட்டிச் சொல்லுங்கள். மலையோரக் கிராமம், வண்டி வரவே வெகுநேரம் ஆகும் என்றால் டாடா ஏஸ் மாதிரி தட்டையான தளமுள்ள வண்டியில் படுக்கப்போட்டு, ஓட்டுகிறவரை நிதானமாகப் போகச் சொல்லி, அழுத்திக்கொண்டே போவதை ஆட்டோவைவிட மேல் என்பேன். பாடப்புத்தகத்தில் இல்லாத என் சொந்த அபிப்பிராயம் இது.

மயங்கிக் கிடக்கிறார், ஆனால் மூச்சு சீராக வருகிறது என்றால் அழுத்த வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாய் தரைப்பக்கம் சாயும்படி விட்டு, மூச்சைக் கவனித்துக்கொண்டே இருங்கள். வாயில் தண்ணீர், காபி, சோடா எதுவும் ஊற்றாதீர்கள். முகத்தில் தண்ணீர் தெளிப்பது சாதாரண மயக்கத்துக்குச் சரி, பத்து நொடிக்கு மேல் அதில் நிற்காதீர்கள்.

போலீஸ் கேஸ் பயம் பழைய நாள் மிச்சம். இந்த மாதிரி விழுந்தவருக்கு உதவியதற்காக யாரும் உங்களைக் கூண்டில் ஏற்றப்போவதில்லை. சாலை விபத்துக்கே 2016-இல் உச்ச நீதிமன்றம் உதவி செய்பவர்களுக்குப் பாதுகாப்பு தந்தது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தில் 134ஏ என்ற பிரிவாகவே அதைச் சேர்த்துவிட்டார்கள். நல்லெண்ணத்தோடு உதவியவர் மேல் வழக்குப் போட முடியாது, பெயரும் முகவரியும் சொல்லக் கட்டாயப்படுத்தவும் முடியாது.

எப்போது நிறுத்துவது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அங்கே நின்றிருந்தால் கேட்டிருப்பீர்கள். அவர் அசைந்து சீராக மூச்சு விட ஆரம்பித்தால், ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து கையேற்றால், அல்லது உங்களில் ஒருவருக்கும் தெம்பு இல்லாமல் போனால்.

கடைசியாக உங்கள் குடியிருப்புக்கு ஒரு யோசனை. சங்கக் கூட்டம் நடக்கும் ஞாயிற்றுக்கிழமை, வரவு செலவு வாசிப்பதற்கு முன் ஒரு மணி நேரம் ஒதுக்கி, பயிற்சி தருகிற யாரையாவது பொம்மையோடு வரச் சொல்லுங்கள். பொம்மை கிடைக்காவிட்டால் கெட்டியாக அடைத்த இலவம்பஞ்சுத் தலையணை போதும், முட்டியும் தோளும் எங்கே இருக்க வேண்டும் என்று உடம்பு பழகினால் சரி. புதிதாக வந்திருக்கும் வாட்ச்மேனையும், வீட்டு வேலைக்கு வருகிறவர்களையும் கூப்பிடுங்கள், பகல் பதினொரு மணிக்குக் குடியிருப்பில் இருப்பவர்கள் அவர்கள்தான். அன்றைக்குப் பத்துப் பேர் கூடினோம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆளுக்கு இரண்டு நிமிடம் என்றால் 20 நிமிடம். வண்டி 18-வது நிமிடம் வந்திருக்கிறது.